ஸ்பார்ட்டகஸுக்கு முன்னால் ஓர் அரசன்

நண்பர்களே, வணக்கம்.

ரோமாபுரி அடிமைகளின் கிளர்ச்சி என்றதும் எல்லோர் வாயிலும் முதலில் வரும் பெயர் ஸ்பார்ட்டகஸ். சினிமா செய்த வேலை அது. அவரைப் பற்றியும் சொல்கிறேன். ஆனால் அவருக்கு அறுபது ஆண்டுகளுக்கு முன்பே சிசிலித் தீவில் அடிமைகள் ஓர் அரசையே நிறுவி, ரோமப் படைகளைத் திரும்பத் திரும்பத் தோற்கடித்தார்கள். இன்று நான் அதிகம் பேசப்போவது அவர்களைப் பற்றித்தான்.

அப்போது ரோமுக்குத் தானியம் அனுப்பிய தீவு சிசிலி. நிலமெல்லாம் பெரும் பண்ணையார்கள் கையில். உழைக்க ஆள் வேண்டுமே? போர்க் கைதிகளும் கடற்கொள்ளையர் பிடித்து விற்றவர்களும் வந்து குவிந்தார்கள். டெலோஸ் தீவுச் சந்தையில் ஒரே நாளில் பல்லாயிரம் அடிமைகளை இறக்கி, விற்று, அனுப்பிவிட முடியும் என்று எழுதுகிறார் கிரேக்கப் புவியியலாளர் ஸ்டிராபோ. மந்தை மேய்த்த அடிமைகளுக்குச் சோறும் துணியும் ஒழுங்காகக் கொடுக்காமல், வழிப்போக்கரிடம் பறித்துக்கொள்ளட்டும் என்று முதலாளிகள் விட்டுவிட்டார்கள். அதற்குத் தடியும் ஈட்டியும் வேண்டுமல்லவா? அதையும் கண்டுகொள்ளவில்லை. எதிர்ப்படையை இவர்களே வளர்த்துவிட்டார்கள்.

என்னா என்ற மலைநகரில் டமோஃபிலஸ் என்றொரு பணக்காரன். உடுத்தத் துணியில்லை என்று அடிமைகள் போய்க் கேட்டார்கள். “ஏன், இந்தப் பக்கம் வழிப்போக்கர்கள் அம்மணமாகவா போகிறார்கள்?” என்று கேட்டுவிட்டு, தூணில் கட்டிவைத்து அடித்தான். அவன் மனைவி மெகல்லிஸும் கொடுமையில் அவனுக்குச் சளைத்தவள் இல்லை.

அதே ஊரில் யூனஸ் என்ற சிரியா நாட்டு அடிமை இருந்தார். சாமியாடி, குறி சொல்கிறவர். ஓட்டை போட்ட கொட்டைக்குள் நெருப்பை வைத்து, வாயிலிருந்து தீ வரவழைக்கும் வித்தையும் தெரியும். நான் அரசனாவேன் என்று அவர் சொல்ல, எஜமான் அவரை விருந்துகளில் நிறுத்திக் கேலி பேச வைப்பாராம். கி.மு. 135 வாக்கில் சுமார் 400 அடிமைகள் அந்த யூனஸின் தலைமையில் நகருக்குள் புகுந்தார்கள். டமோஃபிலஸை நகர அரங்கில் நிறுத்தி விசாரிக்கும்போதே வெட்டிக் கொன்றார்கள். மெகல்லிஸைப் பணிப்பெண்களே மலையுச்சியிலிருந்து தள்ளினார்கள். ஆனால் அவர்களுடைய மகளை யாரும் தொடவில்லை. அடிபட்டவர்களுக்கு ஆறுதல் சொன்ன பெண் அவள். காவலோடு உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வெறிபிடித்த கும்பல் என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நின்று படிக்க வேண்டும்.

யூனஸ் முடிசூடி, சிரிய மன்னர்களின் பெயரான அந்தியோக்கஸ் என்பதை வைத்துக்கொண்டார். அந்தப் பெயரோடு, தானியக் கதிர் பொறித்த சிறு செப்புக் காசு கிடைத்திருக்கிறது. கிளியோன் என்ற இன்னொரு தலைவர் தனியாகக் கிளம்பியபோது, இரண்டு பேரும் மோதிக்கொண்டு அழிவார்கள் என்று முதலாளிகள் காத்திருந்தார்கள். கிளியோனோ வந்து யூனஸின் தளபதியாகச் சேர்ந்துவிட்டார். இந்தக் கதையை எழுதிவைத்த கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடரஸ் தரும் இன்னொரு தகவல்தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது: நாளை நமக்கு வேண்டும் என்று அடிமைகள் பண்ணை வீடுகளையும் விளைச்சலையும் கொளுத்தாமல் விட்டார்கள். சந்தடி சாக்கில் கொள்ளையடித்துத் தீவைத்தது சுதந்திரமான ஏழைகள்.

சரி, அடிமைமுறையையே ஒழிக்க நினைத்தார்களா? அப்படிச் சொல்ல மாட்டேன். பிடிபட்டவர்களில் ஆயுதம் செய்யத் தெரிந்தவர்களைச் சங்கிலியில் பூட்டித்தான் வேலை வாங்கினார் யூனஸ். தாங்கள் அடிமையாக இருக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் போராட்டம். அதுவே அந்தக் காலத்துக்குப் பெரிய துணிச்சல்.

கி.மு. 132ல் ருபிலியஸ் என்ற கான்சல், அதாவது ரோமின் உச்சப் பதவியில் இருந்தவர், முற்றுகையிட்டுப் பட்டினி போட்டார். கடைசியில் காட்டிக்கொடுத்தவர்களால் நகரங்கள் விழுந்தன. சமையல்காரர், ரொட்டி சுடுபவர், குளிப்பாட்டுபவர், விருந்தில் வேடிக்கை காட்டுபவர் ஆகிய நால்வரோடு யூனஸ் குகையில் பிடிபட்டாராம். சிறையில் இறந்தார். கோழை என்று முடிக்கிறது கதை. எழுதியது யார் பக்கத்து ஆள் என்பதையும் மறக்க வேண்டாம்.

கி.மு. 104ல் அதே சிசிலியில் மறுபடி கிளர்ச்சி. சட்டவிரோதமாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கச் சொன்னது ரோமின் ஆட்சி மன்றமான செனட். சில நாளில் 800 பேர் விடுதலையானார்கள். உடனே பணக்காரர்கள் நெருக்க, ஆளுநர் கையைக் கட்டிக்கொண்டார். அப்புறம் போர்தான்.

ஸ்பார்ட்டகஸுக்கு வருவோம். கி.மு. 73ல் கபுவாவின் வாள்வீரர் பயிற்சிக்கூடத்திலிருந்து எழுபது சொச்சம் பேர் சமையலறைக் கத்திகளோடு தப்பினார்கள். இரண்டு ஆண்டு இத்தாலியையே கலக்கிய அவர், நெருக்கடியில் போக நினைத்த இடம் எது தெரியுமா? சிசிலி. அங்கே தணல் இன்னும் அணையவில்லை, கொஞ்சம் ஊதினால் போதும் என்று கணக்குப் போட்டதாக எழுதுகிறார் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க். படகு தருவதாகச் சொன்ன கடற்கொள்ளையர் காசை வாங்கிக்கொண்டு ஏமாற்றினார்கள். போர் முடிந்ததும் கபுவாவிலிருந்து ரோம் வரை சாலையோரம் 6,000 பேரைச் சிலுவையில் அறைந்தார் ரோமத் தளபதி கிராசஸ்.

அதன்பின் இவ்வளவு பெரிய கிளர்ச்சி ரோமில் நடக்கவில்லை. பயம் மட்டும் போகவே இல்லை. ஒரே நாட்டு அடிமைகளை அதிகம் சேர்த்து வைக்காதே என்று பண்ணையாருக்கு யோசனை சொல்கிறார் விவசாய நூல் எழுதிய ரோமர் வாரோ. அடிமைகளுக்குத் தனி உடை என்ற யோசனை செனட்டில் வந்தபோது, நாம் எத்தனை பேர் என்று அவர்கள் எண்ணத் தொடங்கினால் என்ன ஆவது என்று பயந்ததை ரோமத் தத்துவ அறிஞர் செனெகா பதிவு செய்திருக்கிறார்.

சிசிலியிலோ ஸ்பார்ட்டகஸுக்கு முன்பே, அடிமை ஆயுதம் தொடக் கூடாது என்று ஆளுநர்கள் ஆணை போட்டார்கள். டொமிஷியஸ் என்ற ஆளுநருக்கு ஒருமுறை பெரிய காட்டுப்பன்றி ஒன்று வந்தது. கொன்றது யார் என்று வியந்து கேட்டார். மேய்ப்பன் ஒருவன், பரிசு கிடைக்கும் என்று ஓடிவந்தான். எதால் கொன்றாய்? வேட்டை ஈட்டியால். அங்கேயே அவனைச் சிலுவையில் அறையச் சொன்னார். இதைச் சொல்லும் ரோமப் பேச்சாளர் சிசெரோ, கடுமையாகத் தோன்றலாம், நான் எந்தப் பக்கமும் பேசவில்லை என்று நழுவிக்கொள்கிறார்.