கண்மாயில் மேடும் வேண்டும்

பெரியவர்களுக்கும், பின்னால் திண்ணையில் உட்கார்ந்திருக்கிற இளவட்டங்களுக்கும் வணக்கம். நம் கண்மாயைத் தூர்வாருவது பற்றிப் பேசச் சொல்லி, தலைவர் என்னைப் "பறவைக்காரர்" என்று மைக்கைக் கொடுத்துவிட்டார். நான் விவசாயிதான். அதனால் முதலில் என் தப்பையே சொல்லிவிடுகிறேன்.

என் பட்டாவில் ஓரமாக அரை ஏக்கர் பள்ளம், மழைக்குத் தண்ணீர் கட்டிக்கொள்ளும், எதைப் போட்டாலும் அழுகும். சரி, பறவைக்கே விட்டுவிடுவோம் என்று ஜேசிபி கூப்பிட்டேன். ஓட்ட வந்த தம்பி, நான் சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் நாலு பக்கமும் சுவர் மாதிரி செதுக்கிப் பத்தடி ஆழத்துக்கு ஒரு தொட்டியைத் தோண்டி வைத்துவிட்டார். ஐப்பசி மழையில் நிறைந்தது, பார்க்க அழகாகத்தான் இருந்தது. வந்தது ரெண்டு நீர்க்காகம், ஒரு மீன்கொத்தி. அப்புறம் பக்கத்துக் கொல்லை ஆட்டுக்குட்டி ஒன்று விழுந்து ஏற முடியாமல் செத்துப்போய், அதற்குப் பணம் கொடுத்ததுதான் மிச்சம்.

உள்ளான், கொக்கு, நாரை எல்லாம் நடந்து மேய்கிற ஜாதி. கணுக்கால் அளவு, மிஞ்சினால் முழங்கால் அளவு தண்ணீர்தான் அதுகளுக்குத் தட்டில் வைத்த சோறு. நத்தைகுத்தி நாரை பத்தடி ஆழத்தில் முங்கியா நத்தை எடுக்கும்? அடுத்த கோடையில் ஒரு பக்கக் கரையை வெட்டி, ஒரு அடி இறங்க எட்டடி நடக்க வேண்டும் என்கிற கணக்கில் சரித்துவிட்டேன், வெட்டின மண்ணை நடுவில் கொட்டியதில் ஒரு திட்டும் ஆச்சு. நான் ஒன்றும் நடவில்லை, கோரை தானாக வந்தது. தை மாதம் தண்ணீர் வடிய வடியச் சேறு வெளியே தெரிந்தது, ஒரு நாள் விடியற்காலை போய்ப் பார்த்தால் அந்தச் சேறு முழுக்க மூன்று விரல் தடம், யாரோ கோலப்புள்ளி வைத்துவிட்டுப் போன மாதிரி. நெடுங்கால் உள்ளான். அதற்குப் பின்விரல் கிடையாது, அதனால்தான் மூன்று.

இப்போது நம் கண்மாய்க்கு வருகிறேன். தாசில்தாரிடம் அனுமதி வாங்கி வண்டல் அள்ளுங்கள், வயலுக்கு நல்லது, வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் மடைப் பக்கம் ஆழப்படுத்துங்கள், தண்ணீர் வந்து சேருகிற உள்வாய்ப் பக்கத்தைச் சரிவாகவே விடுங்கள். வரத்துக்காலை மறித்துக்கொண்டு கண்மாயை மட்டும் தோண்டுவது, வாயைத் தைத்துவிட்டு வயிற்றைப் பெரிசாக்குகிற வேலை.

சீமைக் கருவேலத்தைப் பற்றி எல்லாருக்கும் கோபம் இருக்கிறது, எனக்கும்தான். மேலோடு வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி தளிர்க்கும், வேரோடு எடுக்க வேண்டும். எடுத்த பிறகும் ஆடுமாடு காயைத் தின்று சாணியிலே விதைத்துவிடும், ரெண்டு மூன்று வருஷம் கன்றைப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஒன்று, அந்த முள்மரத்திலேயும் நாரை கூடு கட்டுகிறது. கூடு இருக்கிற மரத்தை இப்போது தொடாதீர்கள். முதலில் நாட்டுக் கருவேலமும் நீர்க்கடம்பும் வைத்து, அது கிளை பரப்பின பிறகு இதை எடுக்கலாம். அவசரம் வேண்டாம்.

"இதனால் நமக்கு என்ன?" என்று அண்ணன் ஒருவர் கேட்டார். வேடந்தாங்கல்காரர்கள் இருநூறு வருஷத்துக்கு முன்னாலேயே கணக்குப் போட்டுவிட்டார்கள் அண்ணே. பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் அவர்கள் நெல்லுக்கு உரம். வெள்ளைக்காரர்கள் சுடப் போனபோது ஊரே கலெக்டரிடம் போய் நின்றது, 1798-இல் லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்தபோது பறவையைச் சுடக் கூடாது என்கிற உரிமையை எழுத்திலேயே வாங்கிவிட்டது. அவ்வளவு தூரம் கூடப் போக வேண்டாம், நம்ம சிவகங்கை மாவட்டத்துக் கொள்ளுகுடிப்பட்டியில் பறவை பயந்துவிடும் என்று தீபாவளிக்கு வெடி வெடிப்பதில்லை.

கடைசியாக மீன்பாசி ஏலம், அதாவது கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை ஏலம் விடுவது. மீன் பிடிக்க மடையைத் திறந்து தண்ணீரைச் சுத்தமாக வடித்துவிட்டால், கூடு இருக்கிற மரத்தடிக்கு நாயும் பூனையும் வந்துவிடும், பறக்கத் தெரியாத குஞ்சு விழுந்தால் தப்பாது. குஞ்சு பறக்கிற வரை மரத்தடியில் தண்ணீர் நிற்க வேண்டும் என்று ஏலம் விடும்போதே ஒரு வரி சேர்த்துவிடலாம், எடுப்பவரும் அதற்குத் தகுந்த மாதிரி விலை கேட்பார்.

நாளைக் காலை ஆறு மணிக்கு, என் பள்ளத்தில் இருக்கிற மாதிரி ஒரு திட்டைக் கண்மாயில் எங்கே போடலாம் என்று உள்வாயில் நடந்து பார்க்கிறோம். வருகிறவர்கள் செருப்பைக் கரையிலேயே விட்டுவிடுங்கள், சேறு முழங்கால் வரை இருக்கிறது.