குப்பை கொட்டுவது

அவையில் இருக்கும் பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம்.

ஒரு சொல்லைப் பற்றிப் பேசச் சொன்னார்கள். அறம், அன்பு என்று எதையாவது எடுத்திருக்கலாம். நான் குப்பையை எடுத்துக்கொண்டேன். தலைவர் இன்னும் முகம் சுளிக்கவில்லை என்பதால் தொடர்கிறேன்.

பழந்தமிழில் குப்பை என்றால் குவியல். கரிகாலன் நாட்டின் வளத்தைச் சொல்லவரும் பொருநராற்றுப்படை, அறுவடையான நெல்லைக் 'குன்றெனக் குவைஇய குன்றாக் குப்பை' என்கிறது. மலைபோலக் குவித்த, குறையாத நெற்குவியல். அதைக் குப்பை என்று பாடியதற்காகப் புலவர் முடத்தாமக்கண்ணியாரை யாரும் கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை. சிவகங்கை மாவட்டத்தில் நெற்குப்பை என்று ஓர் ஊரே உண்டு. அந்தப் பெயரில் இருப்பதும் இந்தக் குப்பைதான் என்றே நான் படிக்கிறேன்.

வீட்டோரத்துக் குப்பைமேடும் பழையதுதான். குறுந்தொகை 305ஆம் பாட்டில், காதல் நோயில் தவிக்கும் ஒருத்தி தன் நிலையைக் 'குப்பைக் கோழித் தனிப்போர் போல' என்கிறாள். சண்டைக்கென்று வளர்த்த சேவல்களானால் ஏவிவிட ஆள் உண்டு, விலக்கிவிடவும் ஆள் உண்டு. குப்பையைக் கிளறும் கோழிகள் தாமாக மோதிக்கொண்டால் யார் வருவார்கள்? தானாக ஓய்ந்தால்தான் உண்டு. இந்த ஒரு வரியால் அந்தப் புலவரின் பெயரே நமக்குக் குப்பைக் கோழியார் ஆகிவிட்டது.

அந்த மேட்டில் கிடந்தது என்ன? சாணி, சாம்பல், மாடு தின்று கழித்த வைக்கோல், சருகு. அதனால்தான் உழவர் பேச்சில் குப்பை என்பது எரு. "வயலுக்குக் குப்பை அடிச்சாச்சா?" என்று கேட்பார்கள். வண்டிக் கணக்கில் விலை பேசி வாங்குவார்கள். குப்பைக்குழி இல்லாத வீடு, மாடில்லாத வீடு. அந்த வீட்டில் பெண் கொடுக்கக்கூட யோசித்த காலம் உண்டு.

"இந்த மனுஷனோட எப்படித்தான் குப்பை கொட்டுறியோ!" இதை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். சிலர் சொல்லியும் இருப்போம். "அந்த ஆபீஸில் இருபது வருஷம் குப்பை கொட்டினேன்" என்பதும் அதே வகை. பிடிக்கிறதோ இல்லையோ, ஓரிடத்தில் நின்று காலம் தள்ளுவது. இது ஏன் 'குப்பை' கொட்டுவதாக ஆயிற்று? ஆண்டுதோறும் அதே நிலத்துக்கு எருச் சுமந்த உழைப்பிலிருந்து வந்திருக்கலாம் என்பது என் ஊகம். கூட்டிப் பெருக்கும் வீட்டுவேலையிலிருந்து வந்தது என்று யாராவது வாதிட்டால் மறுக்க என்னிடம் சான்று இல்லை.

பெயர்களுக்கு வருவோம். குப்பன், குப்புசாமி, குப்பம்மாள். சினிமாவில் சிரிப்புக்கு வைக்கும் பெயர்களாகிவிட்டன. பிறந்த பிள்ளைகள் அடுத்தடுத்துத் தவறிப்போன வீட்டில், அடுத்த பிள்ளையைக் குப்பையில் கிடத்தி எடுத்து, குப்பை என்றே பெயர் வைப்பார்கள். யாரும் வேண்டாத பொருளென்று நினைத்து எமன் விட்டுவிடட்டும் என்று! இதில் சிரிக்க என்ன இருக்கிறது? பிள்ளையைப் பறிகொடுத்தவள் எமனை ஏமாற்றச் செய்த தந்திரம் அது.

மருந்துச் செடி குப்பைமேனியும், குப்பைக்கீரையும் தனிப் பேச்சுக்குரியவை, விட்டுவிடுகிறேன்.

இன்று "படம் சுத்தக் குப்பை" என்றால் ஒன்றுக்கும் உதவாதது என்று பொருள். மனிதர்கள் மாறிப்போனதால் சொல் கெட்டது என்று சிலர் சொல்கிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை. மேட்டில் கிடக்கும் பொருள் மாறிவிட்டது. ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக்கைத் தமிழ்நாடு அரசு 2019 ஜனவரி 1 முதல் தடை செய்தது. பை இன்னும் கடையில் கிடைக்கிறது. சென்னையின் பள்ளிக்கரணை சதுப்புநிலத்துக்கு 2022இல், உலக அளவில் முக்கியமான ஈரநிலம் என்னும் ராம்சார் தகுதி கிடைத்தது. அந்தச் சதுப்பின் ஒரு பகுதியை நிரப்பித்தான் பெருங்குடிக் குப்பைக் கிடங்கு எழுந்தது. அந்த மேட்டை எந்த உழவர் வண்டி பிடித்து வாங்கப்போகிறார்? 'மக்கும் குப்பை', 'மக்காத குப்பை' என்று தொட்டியில் எழுதி வைக்கிறோம். என் பாட்டியிடம் மக்காத குப்பை என்று சொல்லியிருந்தால், "மக்கலேன்னா அது எப்படிடா குப்பை?" என்றுதான் கேட்டிருப்பார்.

நேரம் ஆகிவிட்டது என்று சீட்டு வந்துவிட்டது. உங்கள் ஊரில் எருக்குப்பைக்கு வேறு பெயர் இருந்தால் இறங்கியதும் சொல்லுங்கள், குறித்துக்கொள்கிறேன். வணக்கம்.