பாதி ஆடையைச் செய்தவர் யார்?

அவையில் கூடியிருக்கும் பெரியோர்களுக்கும் இளைய நண்பர்களுக்கும் என் வணக்கம்.

‘ஆள் பாதி, ஆடை பாதி’ என்ற பழமொழியை நாம் பெரும்பாலும் ஓர் எச்சரிக்கையாகவே சொல்கிறோம். ஒழுங்காக உடுத்தாவிட்டால் நான்கு பேர் மதிக்க மாட்டார்கள் என்பதுதான் அதற்கு நாம் கொடுத்து வைத்திருக்கும் பொருள். அதையே அதன் சொற்களின்படி ஒருமுறை எடுத்துக்கொண்டால், வேறொரு கேள்வி எழுகிறது. ஓர் ஆளில் பாதி ஆடை என்றால், அந்தப் பாதியைச் செய்தவர் யார்? நாம் அணிந்திருக்கும் சட்டையின் வெட்டையும் நிறத்தையும், பொத்தான் எங்கே வர வேண்டும் என்பதையும் நம்மை ஒருபோதும் பார்த்திராத ஒருவர், நம்மைப் போன்ற பல ஆயிரம் பேருக்கும் சேர்த்து, முடிவு செய்துவிட்டார். நமக்கு மிஞ்சுவது கடையில் நின்று அதை எடுப்பதா விடுவதா என்ற உரிமை மட்டுமே.

பொது வழக்கிலிருந்து விலகிய மாற்று உடை, வண்ணத் தலைமுடி, கைவினை ஆகிய மூன்றையும் பற்றிப் பேசுமாறு என்னைக் கேட்டுக்கொண்டார்கள். இவற்றில் முதல் இரண்டும் கண்ணைக் கவர்வதால், பேச்சும் கேலியும் அவற்றைச் சுற்றியே நடக்கின்றன. கைவினை என்பது ஏதோ ஓய்வு நேரப் பொழுதுபோக்காகக் கடைசியில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது. என் எண்ணம் இதற்கு நேர்மாறானது. ஒருவருடைய தனித்தன்மை அவர் மற்றவரிலிருந்து எவ்வளவு விலகித் தெரிகிறார் என்பதில் இல்லை, தம் தோற்றத்தில் அவருடைய கை எவ்வளவு பட்டிருக்கிறது என்பதில்தான் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். விலகித் தெரிவதைப் பணம் கொடுத்து ஒரு பிற்பகலில் வாங்கிவிட முடியும்.

நிறத்தை யார் அணியலாம் என்று அரசு ஆணையிட்ட காலம் ஒன்று இருந்தது. இங்கிலாந்தில் முதலாம் எலிசபெத் 1574இல் பிறப்பித்த உடைச் சட்டத்தின்படி, உயர்குடிப் பிரபுக்கள் சிலருக்கான விலக்குகள் தவிர, ஊதா நிறப் பட்டு அரச குடும்பத்தாருக்கே உரியது. ஒரு மனிதர் தெருவில் நடந்து வந்தால், அவர் எந்தப் படிநிலையில் நிற்பவர் என்பதை அவருடைய துணியைப் பார்த்தே சொல்லிவிட வேண்டும் என்பது அந்தச் சட்டத்தின் நோக்கம். அந்த ஊதாவைத் தெருவுக்குக் கொண்டுவந்தது ஒரு தோல்வி. 1856இல் லண்டனில், வில்லியம் ஹென்றி பெர்க்கின் என்ற 18 வயது மாணவர், மலேரியாவுக்கு மருந்தான கொய்னாவைச் செயற்கையாகச் செய்ய முயன்று, குடுவையில் கறுப்பாக ஒரு வண்டலை மட்டுமே கண்டார். அதைக் கழுவ ஆல்கஹாலை ஊற்றியபோது கரைசல் ஊதாவாக மாறியது. நிலக்கரித் தாரிலிருந்து கிடைத்த பொருளைக் கொண்டு பிறந்த அந்தச் சாயத்திலிருந்துதான் செயற்கைச் சாயத் தொழில் தொடங்கியது. அதுவரை செல்வத்தின் அடையாளமாக இருந்த பல நிறங்கள், அதற்குப் பின் சாதாரண மக்களின் கைக்கு வந்தன. இன்று ஒரு பெண் தன் தலைமுடியை ஊதாவாக்கிக்கொள்ள முடிகிறது என்றால், அதற்குப் பின்னால் ஓர் ஆணை காலாவதியானதும் ஒரு குடுவை கழுவப்பட்டதும் இருக்கின்றன.

அடுத்த திருப்பம் 1970களில் நேர்ந்தது. லண்டன் கிங்ஸ் சாலையில் 430ஆம் எண் கடையை 1971 முதல் நடத்திவந்த ஆடை வடிவமைப்பாளர் விவியன் வெஸ்ட்வுட்டும் அவருடைய கூட்டாளி மால்கம் மெக்லாரனும், கிழிந்த சட்டை, ஊக்கு, சங்கிலி, ஸிப் ஆகியவற்றையே அலங்காரமாக்கினார்கள். வெஸ்ட்வுட் அதற்கு முன் தொடக்கப் பள்ளி ஆசிரியையாக இருந்தவர். அந்தக் கடை பலமுறை பெயர் மாறியது. அதன் முகப்பில் பின்னர் பொருத்தப்பட்ட கடிகாரத்தில் 13 மணிகள் உண்டு, முட்களும் பின்னோக்கிச் சுழலும். பங்க் என்ற அந்த இளைஞர் இசை, உடை அலையில் அந்தக் கடையைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, அங்கே விற்ற உடையை வாங்க வசதியில்லாத இளைஞர்கள் செய்த காரியம். அவர்கள் வீட்டிலிருந்த பழைய கோட்டை எடுத்துக் கத்தரித்தார்கள், ஊக்குகளால் இணைத்தார்கள், எழுத்தைத் தாங்களே வரைந்தார்கள். ஊக்கு என்பது தையல் தெரியாதவனின் தையல். அதை ஒளித்து உட்புறமாகக் குத்துவதே வழக்கம்; இவர்களோ மார்பின் மேலேயே குத்திக்கொண்டார்கள். ‘இதைத் தைத்தவன் தேர்ந்த தையற்காரன் இல்லை, நானே’ என்று அந்த ஊக்கு பார்ப்பவரிடம் சொன்னது.

இதை இன்னும் அருகில் சென்று பார்க்க, ஒரு ஜீன்ஸ் ஜாக்கெட்டை எடுத்துக்கொள்வோம். இந்த மாற்றுப் பண்பாட்டில் உள்ளவர்கள் பலரும் இப்படி ஒன்றைப் பல ஆண்டுகளாக வைத்திருப்பார்கள். புதிதாக வாங்கும்போது விறைப்பாக இருக்கும். கையைக் கழற்றினாலோ கழுத்துப் பட்டியை வெட்டினாலோ முதல் நாள் மனம் பதறும். பிறகு அதன் முதுகில் பேட்ச் எனும் ஒட்டுத்துணி ஒன்று வரும். பழைய சட்டையிலிருந்து வெட்டிய துணியில் அக்ரிலிக் வண்ணம் கொண்டு வரைந்தது, ஓரம் மடிக்காதது. ஜீன்ஸ் துணி தடிமனானது என்பதால் சாதாரணப் பருத்தி நூல் அதில் சீக்கிரம் அறுந்துவிடும். அதனால் பல் இடுக்கைச் சுத்தம் செய்யும் டென்டல் ஃப்ளாஸைத் தையல் நூலாக்கிக்கொள்வது இவர்களிடையே பழகிப்போன உத்தி. மெழுகு பூசிய அந்த இழை எளிதில் அறுவதில்லை. மடிப்பும் மூட்டும் சேருமிடத்தில் ஊசி உள்ளே போகாது. கட்டைவிரலால் அழுத்தினால் விரலில்தான் ஏறும், எனவே குறடால் பிடித்து இழுக்க வேண்டும். கூர்முனை உலோகக் குமிழ்களைப் பதிப்பதானால் ஒவ்வொன்றுக்கும் துளையிட்டு, பின்புறம் கால்களை மடக்க வேண்டும். இருநூறு குமிழ்கள் என்றால் இருநூறு முறை. அந்த ஜாக்கெட்டைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள் என்பதுதான் என் வேண்டுகோள். முடிச்சுகள், தவறிப்போன துளைகள், பாதியில் நிறம் மாறிய நூல், ஓரிடத்தில் சிறு இரத்தக் கறைகூட இருக்கும். வெளிப்புறத்தைத் தொழிற்சாலை போலி செய்துவிடும், இப்போது செய்துகொண்டும் இருக்கிறது. முன்பே கிழித்த ஜீன்ஸும், முன்பே ஒட்டிய பேட்ச்சும் அடுக்கடுக்காக விற்பனைக்கு வருகின்றன. உட்புறத்தை எந்தத் தொழிற்சாலையும் போலி செய்ய மெனக்கெடுவதில்லை.

இனித் தலைமுடிக்கு வருகிறேன். வண்ண முடியைச் சோம்பேறிகளின் விளையாட்டு என்று நினைப்பவர்கள், அதை ஒருமுறை தாமே செய்து பார்க்க வேண்டும். கருமையான முடியின் மேல் நீலத்தை நேரடியாகப் பூசினால், வெயிலில் சற்றே மினுங்குவதைத் தவிர ஒன்றும் தெரியாது. முதலில் முடியின் உள்ளிருக்கும் மெலனின் என்ற நிறமியை அகற்ற வேண்டும். ப்ளீச் தூளை ஹைட்ரஜன் பெராக்சைடு கலந்த டெவலப்பருடன் குழைத்துப் பூசும்போது, அந்தக் காரக் கலவை முடியின் மேற்புறச் செதில்களை விரியச் செய்து உள்ளே நுழைகிறது. டெவலப்பர் டப்பாவில் ‘20 வால்யூம்’ என்றிருந்தால் அதில் பெராக்சைடு 6 சதவீதம், ‘40 வால்யூம்’ என்றால் 12 சதவீதம். இரண்டாவதை வீட்டில் தொடாமல் இருப்பதே நல்லது. கறுப்பு ஒரேயடியாக வெளுப்பதில்லை. செம்பழுப்பு, ஆரஞ்சு, மஞ்சள், வெளிர் மஞ்சள் என்று படிப்படியாக இறங்குகிறது. எந்தப் படியில் நிறுத்துகிறோமோ அதுவே நமக்குக் கிடைத்த துணி. அதன் மேல்தான் சாயம் விழும்.

நான் முதன்முறை நீலம் பூசியபோது இந்தக் கணக்கு தெரியாமல், மஞ்சளிலேயே பொறுமை இழந்து நிறுத்திவிட்டேன். மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் என்ன வரும் என்று சிறு குழந்தைக்கும் தெரியும். கண்ணாடியில் பாசி படிந்த குளம்போல் ஒரு பச்சை என்னைப் பார்த்தது. அடுத்த நாள் ஒரு கூட்டத்தில் நான் பேச வேண்டியிருந்தது, பச்சையாகவே போய்ப் பேசினேன். மஞ்சளைக் கொல்ல மெல்லிய ஊதாச் சாயத்தால் முதலில் ஒரு கழுவல் தர வேண்டும் என்பதைப் பிறகுதான் கற்றேன். இத்தனையும் செய்து பூசும் வண்ணச் சாயம் நிலைப்பதுமில்லை. பளிச்சென்ற நிறங்களில் பெரும்பாலானவை முடியின் உள்ளே வேதிவினை புரியாமல் மேற்புறத்தை ஒட்டியே தங்குவதால், ஒவ்வொரு குளியலிலும் கொஞ்சம் வழிந்தோடுகின்றன. சில வாரங்களில் நீலம் சாம்பலாகும், சிவப்பு வெளிறிய இளஞ்சிவப்பாகும். வேர்ப்பக்கம் மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் வீதம் பழைய கறுப்பு வளர்ந்து வரும். தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு இந்த வேலையின் தன்மை புரியும். எந்தச் சாயமானாலும் 48 மணி நேரத்துக்கு முன் தோலில் சிறிது தடவிப் பார்த்து, அரிப்போ தடிப்போ இல்லையென்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன்.

இந்த ஒவ்வாமை விஷயத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதிகம் பேருக்கு ஒவ்வாமை தரும் பாரா ஃபீனைலீன்டையமின் என்ற பொருள் வழக்கமாக இருப்பது, நரையை மறைக்கும் கறுப்பு, பழுப்பு நிரந்தரச் சாயங்களில்தான். ஐம்பது வயதில் முடியைக் கறுப்பாக்கிக்கொண்டு வருபவரிடம் ‘ஏன் இந்த வேலை?’ என்று யாரும் கேட்பதில்லை. நீலமாக்கிக்கொண்டு வருபவரிடம் எல்லோரும் கேட்கிறார்கள். இரண்டும் சாயமே, இரண்டும் இயற்கையை மாற்றுவதே. சாயம் பூசவில்லை என்று பொய் சொல்லும் சாயத்தை நாம் மன்னிக்கிறோம், சாயம்தான் என்று ஒப்புக்கொள்ளும் சாயத்தின் மேல் கோபப்படுகிறோம். நியூயார்க்கில் டிஷ், ஸ்னூக்கி பெல்லோமோ என்ற பாடகிச் சகோதரியர் 1977இல் செயின்ட் மார்க்ஸ் பிளேஸில் ‘மேனிக் பேனிக்’ கடையைத் திறந்து இத்தகைய நிறங்களை விற்கத் தொடங்கி அரை நூற்றாண்டு ஆகப்போகிறது. அந்தக் கோபம் முழுதும் தணிந்தபாடில்லை.

எனக்கு எதிராக வைக்கப்படும் வலுவான வாதம் ஒன்று உண்டு, அதைத் தாண்டிப் போக முடியாது. ‘தனித்தன்மை என்கிறீர்கள், ஆனால் கோத் என்னும் மாற்று உடைக் கூட்டத்தார் எல்லோரும் கறுப்பு உடுத்துகிறார்கள், பங்க் கூட்டத்தார் எல்லோரும் ஊக்கு குத்துகிறார்கள். இதுவும் ஒரு சீருடைதானே?’ என்பது அந்த வாதம். ஆம், சீருடையின் சாயல் அதில் இருக்கிறது. ஆனால் வெண்பாவுக்குத் தளை உண்டு, அடிக்கணக்கு உண்டு, ஈற்றடி இப்படித்தான் முடிய வேண்டும் என்ற கட்டாயம்கூட உண்டு. அதனால் எல்லா வெண்பாவும் ஒன்றாகிவிடவில்லையே. இலக்கணம் பொதுவாக இருப்பதால்தான் ஒருவர் எங்கே சிறு மீறல் செய்தார் என்பது கற்றவருக்குத் தெரிகிறது. கறுப்பு உடைகள் நிறைந்த அறையில், ஒருவர் தம் கைப்பட்டியில் குரோஷே ஊசியால் பின்னிய வெள்ளைச் சிலந்தி வலையை அந்தக் கூட்டத்தார் உடனே கவனிப்பார்கள். வெளியிலிருந்து பார்ப்பவர் கண்ணுக்கு ஒரு கறுப்புக் கும்பல் மட்டுமே படும்.

வாதத்தின் மறுபாதி இன்னும் கடினமானது. டோக்கியோவின் ஹராஜுகு பகுதியில், இளைஞர்கள் பழைய துணி, பொம்மை, கையால் செய்த அணிகலன் எல்லாவற்றையும் கலந்து அடுக்கி உடுத்தியதை ஷோய்ச்சி ஆவோக்கி என்ற புகைப்படக் கலைஞர் ‘ஃப்ரூட்ஸ்’ என்ற இதழில் 1997 முதல் பதிவு செய்துவந்தார். 2017இல் அதன் அச்சு நின்றது. படமெடுக்கத் தக்கபடி உடுத்தியவர்கள் இனி அகப்படவில்லை என்பதே அவர் சொன்ன காரணம். அவர் சற்று மிகைப்படுத்தினார் என்றே எனக்குத் தோன்றுகிறது. ஆனாலும் மலிவு விலை ஆடை நிறுவனங்கள் எந்தப் புதுத் தோற்றத்தையும் சில வாரங்களில் தைத்து அடுக்கிவிடும் நிலையில், கலந்து அடுக்கும் உழைப்பு தேவையற்றதாகிவிடுகிறது என்பதை மறுக்க முடியாது.

கை பட்ட தோற்றத்துக்கு வேறொரு விலையும் உண்டு. 2007 ஆகஸ்டில் இங்கிலாந்தின் பேக்கப் என்ற சிற்றூரில், கோத் தோற்றத்தில் இருந்த 20 வயதுப் பெண்ணான சோஃபி லங்காஸ்டரும் அவருடைய காதலரும் ஒரு பூங்காவில் இளைஞர் கும்பல் ஒன்றால் தாக்கப்பட்டார்கள். சோஃபி நினைவு திரும்பாமலே இறந்தார். அவர்களுடைய தோற்றத்தைத் தவிர அந்தத் தாக்குதலுக்கு வேறு காரணம் இல்லை. மாற்றுப் பண்பாட்டினர் மீதான தாக்குதலை வெறுப்புக் குற்றமாகப் பதிவு செய்ய கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை 2013இல் முடிவெடுத்ததற்குப் பின்னால் சோஃபியின் தாயார் இடைவிடாமல் நடத்திய பிரச்சாரம் இருந்தது. ‘யாருக்கும் தீங்கில்லாத பொழுதுபோக்குத்தானே’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுவதை, சிலர் எவ்வளவு அச்சத்தோடு அணிந்து வெளியே போகிறார்கள் என்பதை அந்த வழக்கு எனக்கு உணர்த்தியது. அதனால் பயந்து ஒதுங்கியவரை நான் ஒருபோதும் கோழை என்று சொல்ல மாட்டேன். ஜாக்கெட்டின் உட்புறத்தில் மட்டும் பூவேலை செய்து வைத்துக்கொள்பவரும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவரே.

முன்வரிசையில் இருக்கும் தம்பி, என் தலையைப் பார்த்து வெகுநேரமாக ஏதோ கேட்க நினைப்பது தெரிகிறது. நீலத்துக்குக் கீழே இரண்டு விரற்கடை வேர் வளர்ந்திருக்கிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அதற்கே போய்விடும். ஆனால் இந்த முறை ஒரு சலுகை கிடைத்திருக்கிறது. வளர்ந்த வேரில் ஏறக்குறைய பாதி நரை. நரைத்த முடியில் அகற்றுவதற்கு மெலனின் இல்லை என்பதால் அந்த இடத்துக்கு ப்ளீச் தேவையில்லை. சாயத்தைச் சற்று அதிக நேரம் ஊறவிட்டால் போதும், இருபது ஆண்டுகளாக நான் தேடிய நீலம் அங்கே கலப்பில்லாமல் பிடிக்கிறது.