இந்தப் பழம் பறவைக்கா? தரையைப் பார்த்துக் கண்டுபிடிப்போம்

[காட்சி: மரத்தடி. சிமெண்ட் தரையில் ஊதாக் கறைகள்.]

வணக்கம். இந்தக் கறையைக் கிட்டப் போய்ப் பாருங்கள். பொடிப்பொடியாக விதைகள் ஒட்டியிருக்கின்றன. பறவை எச்சம்தான். பழந்தின்னிப் பறவைகள் வரும் மரத்தை அடையாளம் காண நான் இலையிலிருந்து தொடங்குவதில்லை. முதலில் தரை, அப்புறம் பழம், கடைசியில்தான் இலை. எச்சத்தில் விதை இருந்தால் பக்கத்தில் எங்கோ பழம் பழுத்திருக்கிறது என்று பொருள்.

[காட்சி: ஒரே கொத்தில் பச்சை, சிவப்பு, கறுப்புப் பழங்கள்.]

பறவைக்கென்றே பழுப்பது எப்படி இருக்கும்? பறவை பெரும்பாலும் கண்ணால்தான் இரை தேடும். அதனால் சிவப்பு, கறுப்பு, ஊதா. இலைகளுக்கு நடுவே பளிச்சென்று தெரிய வேண்டுமே. வாசனை அவ்வளவாக இருக்காது. இரவில் மோப்பம் பிடித்து வரும் வௌவாலுக்கான பழங்கள் பலவும் இதற்கு நேரெதிர்: மங்கலான நிறம், தூக்கலான மணம்.

அடுத்தது அளவு. பறவைக்குப் பல் இல்லை. சின்னப் பறவைகள் அலகு கொள்ளும் பழத்தை அப்படியே விழுங்கிவிடும். சுண்டைக்காய் அளவு, மெல்லிய தோல், உள்ளே வழுக்கும் விதை என்றால் பெரும்பாலும் பறவைக்குத்தான். மேலே பார்த்த கொத்தைப் போல, கொஞ்சம் கொஞ்சமாகப் பழுப்பதும் நல்ல அறிகுறி. கறிவேப்பிலைப் பழத்தில் இதைப் பார்த்திருப்பீர்கள்.

[காட்சி: ஆலமரக் கிளை, அண்மையில்.]

சரி, இப்போது பெரிய குடும்பத்துக்கு வருவோம்: ஆல், அரசு, அத்தி. உலகில் இந்த இனத்தில் 750 வகைகளுக்கு மேல் இருக்கின்றன. குடும்பத்தைக் கண்டுபிடிக்க மூன்று சோதனை போதும். இலையைக் கிள்ளினால் பால் வடியும். குருத்தை மூடியிருந்த உறை உதிர்ந்த இடத்தில், மோதிரம் போட்டதுபோல் தண்டைச் சுற்றி ஒரு வடு இருக்கும். பழத்தின் நுனியில் ஒரு பொடித் துளை. மூன்றும் பொருந்தினால் சந்தேகமே வேண்டாம்.

பிறகு தனித்தனியாகப் பிரிப்பது எளிது. ஆலம்பழம் இலைக்கணுவில் காம்பில்லாமல் ஜோடி ஜோடியாக இருக்கும், பழுத்தால் சிவப்பு. அரசிலைக்கு நீண்ட வால் உண்டு; அதன் பழம் பொடிசு, பழுத்தால் கருஊதா. அத்தி அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்த்துத் தள்ளும்.

நாம் பழம் என்று சொல்வது உண்மையில் உள்பக்கமாகச் சுருண்ட பூங்கொத்து. பூக்கள் உள்ளே இருக்கின்றன. அந்தத் துளை வழியாக நுழையும் மிகச் சிறிய குளவிதான் மகரந்தச் சேர்க்கை நடத்துகிறது. அந்தக் குளவிக்கு முட்டையிட ஆண்டு முழுக்க இடம் வேண்டும். பல வகைகளில் ஒவ்வொரு மரமும் தனக்கென ஒரு காலத்தில் காய்ப்பதால், வேறு பழம் கிடைக்காத மாதத்திலும் எங்காவது ஒரு மரம் பழுத்திருக்கும். பறவைகளும் பாலூட்டிகளுமாக 1,200க்கும் மேற்பட்ட விலங்கினங்கள் இந்தப் பழங்களைத் தின்பதாகப் பதிவாகியிருக்கிறது.

பழுத்த ஆலமரத்தில் குயில், மைனா, குக்குறுவான் எல்லாம் எளிதில் கண்ணில் படும். இலை அசைகிறது, பழம் பொத்பொத்தென்று விழுகிறது, ஆனால் எதுவும் தெரியவில்லையா? பச்சைப்புறாவாக இருக்கலாம். அசையாமல் உட்கார்ந்தால் இலையோடு இலை. பத்து நிமிடம் பொறுமையாக நில்லுங்கள்.

[காட்சி: தேன்பழ மரம்.]

இது தேன்பழம், சர்க்கரைப்பழம் என்றும் சொல்வார்கள். அமெரிக்க வெப்பமண்டலத்திலிருந்து வந்தது. இலையைத் தொட்டால் பிசுபிசுக்கும். அடிப்பகுதி ஒருபக்கம் இறங்கிக் கோணலாக இருக்கும். வெள்ளைப் பூவும் சிவப்புப் பழமும் ஒரே கிளையில். சின்னான் பறவைகளுக்கு உயிர்.

உண்ணிச்செடியும் அதே கண்டத்து வரவுதான். ஒரே கொத்தில் பல நிறப் பூ, சொரசொரப்பான இலை, கசக்கினால் காட்டமான நெடி. கறுப்புப் பழத்தைப் பறவைகள் தின்னும். அதனால்தான் இது காடெல்லாம் பரவி மற்றச் செடிகளை அமுக்கிவிட்டது. பறவை வருகிறதே என்று இதை நட்டுவிடாதீர்கள். இதன் இலை ஆடுமாடுகளுக்கு நஞ்சு.

பறவை தின்கிறது, நாமும் தின்னலாம் என்ற கணக்கும் தப்பு. மிளகாயைப் பாருங்கள். அதன் காரம் நம் நாக்கைச் சுடும். பறவைக்கு அது உறைப்பதே இல்லை. பெயர் தெரியாத பழத்தை வாயில் வைக்க வேண்டாம்.

[காட்சி: மாமரக் கிளையில் சின்னச் சின்ன இளஞ்சிவப்புப் பழங்கள்.]

கடைசியாக ஒரு ஏமாற்று வேலை. மாமரத்தில் இப்படியொரு பழமா? கிளையைத் தொடர்ந்து போங்கள். ஓரிடத்தில் முடிச்சுப் போல வீங்கியிருக்கும். அதற்கு மேல் இலையே வேறு, தடித்துச் சாம்பல் பூத்த பச்சை. இது புல்லுருவி. இதன் பழத்தைத் தேடி வருவது நம் கட்டைவிரல் அளவேயுள்ள பூக்கொத்திப் பறவை. விதையைச் சுற்றிப் பசை இருப்பதால் எச்சம் லேசில் கீழே விழாது. அதோ, கிளையில் பின்பக்கத்தைத் தேய்க்கிறது பாருங்கள். விதை ஒட்டிக்கொண்டது. அடுத்த புல்லுருவி அங்கேதான் முளைக்கும்.