கல்வாழைக்குக் கீழே ஒரு சாக்கடை

வணக்கம் மக்களே. காலையில் புதுச்சேரி பெரிய வாய்க்கால் ஓரம் நின்று வீடியோ தொடங்கினேன். காற்று என் பக்கமே அடித்ததில் ரெண்டு நிமிஷம்கூட நிற்க முடியவில்லை. ஒரு காலத்தில் வெள்ளைக்காரர் பகுதியையும் தமிழர் பகுதியையும் பிரித்த வாய்க்கால் அது. இப்போது அந்த வாடைக்கு எந்தப் பக்கம் என்ற வித்தியாசமெல்லாம் இல்லை!

அதனால் வண்டியை எடுத்துக்கொண்டு குயிலாப்பாளையம் தாண்டி ஆரோவில் பக்கம் வந்துவிட்டேன். பின்னால் கல்வாழை பூத்திருக்கிறதே, தோட்டம் என்றுதானே நினைத்தீர்கள்? இதன் கீழே ஓடுவது இந்தக் குடியிருப்பின் கழிவுநீர். மூக்கை வைத்துப் பார்த்துவிட்டேன், மண் வாசனைதான் வருகிறது.

ஒரு ஆளுக்கு நாளைக்கு 135 லிட்டர் தண்ணீர் என்று கணக்குப் போட்டுத்தான் பாதாளச் சாக்கடை உள்ள நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடுவார்கள். அதில் 80 சதவீதம் கழிவாகத் திரும்பும். நாலு பேர் இருக்கிற வீட்டில் தினமும் 430 லிட்டருக்கு மேல். அது எங்கே போகிறது என்று நாம் யாராவது கேட்கிறோமா?

இங்கே முதலில் ஒரு தொட்டியில் கசடு அடியில் தங்கும். அடுத்து தடுப்புச் சுவர் வைத்த அறைகள். தண்ணீர் ஒவ்வொரு அறையிலும் கீழே போய் மேலே ஏறி வரும்போது, காற்றே இல்லாமல் வாழும் பாக்டீரியா அழுக்கைத் தின்னும். அதற்குப் பிறகுதான் கல்வாழை நிற்கிற இந்த ஜல்லிப் படுகை. வேலை முழுக்கச் செடி செய்கிறது என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். ஜல்லி மேல் வழவழப்பாக ஒட்டியிருக்கும் நுண்ணுயிர்கள்தான் பெரும்பாலும் செய்கின்றன. தண்ணீர் ஜல்லி மட்டத்துக்குக் கீழேயே போவதால் கொசுவும் முட்டையிட முடியாது. கடைசியில் ஒரு குட்டை, வெயிலும் காற்றும் படுவதற்கு. சரிவு சரியாக இருந்தால் மோட்டாரே வேண்டாம். ஆனால் சில வருஷத்தில் ஜல்லி அடைத்துக்கொள்ளும், அள்ளிக் கழுவித்தான் போட வேண்டும்.

வாடையைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சாக்கடை தேங்கி, காற்று தீர்ந்துபோனால் ஹைட்ரஜன் சல்பைடு வரும், அழுகின முட்டை வாடை. அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாடையே தெரியாது, ஆபத்து அங்கேதான். 2024 ஜூனில் ரெட்டியார்பாளையம் புதுநகரில் கழிவறை வழியாக விஷவாயு வீட்டுக்குள் ஏறி மூன்று பேர் இறந்தார்கள். கழிவறைக்குக் கீழே வளைந்த குழாயில் எப்போதும் கொஞ்சம் தண்ணீர் நிற்கிறதே, அதுதான் வாயுவுக்குத் தடுப்பு. பூட்டிக் கிடக்கிற வீட்டில் அது காய்ந்துவிடும். ஊருக்குப் போய் வந்தால் முதலில் ஜன்னலைத் திறந்து, எல்லாக் கழிவறையிலும் ரெண்டு வாளி தண்ணீர் ஊற்றுங்கள்.

அப்புறம் எங்கள் வீட்டுக் கதை. கொத்தனார் செப்டிக் டேங்க் கட்டியபோது தண்ணீர் வெளியேறும் வாயில், ஏட்டை உள்ளேயே நிறுத்தி வைக்கிற T வடிவ டி பைப் வைக்கவே இல்லை. மேலே மிதக்கும் ஏடெல்லாம் நேராகத் தெருச் சாக்கடைக்குப் போயிருக்கிறது. பன்னிரண்டு வருஷமாக அம்மாவுக்கு அதில் ஒரு பெருமை வேறு, "நம்ம டேங்க் நிறையவே நிறையாது"! ரெண்டு மூணு வருஷத்துக்கு ஒரு முறை கசடு எடுக்க வேண்டும் என்றால் நம்பவில்லை. வருகிற ஞாயிறு லாரிக்குச் சொல்லியிருக்கிறேன். மூடியைத் திறக்கிற வீடியோ வேண்டுமா, வேண்டாமா என்று கமெண்டில் சொல்லுங்கள்.