ஆள் குறைஞ்சா இயற்கைக்கு நல்லதுதானே? ஜப்பான் பத்தி ஒரு சந்தேகம்

அடுத்த கேள்வி. இதைப் படிச்சதுல இருந்து மண்டைக்குள்ளேயே சுத்திக்கிட்டு இருக்கு. ஒரு நேயர் கேக்குறாங்க: "ஜப்பான்ல ஜனத்தொகை குறையுது, குறையுதுன்னு எல்லாரும் அழுவுறாங்க. ஆள் குறைஞ்சா குப்பை குறையும், புகை குறையும், காடு வளரும். இயற்கைக்கு நல்லதுதானே? எதுக்கு அழணும்?"

கேள்வி நியாயமானது. முதல்ல எண்ணிக்கையை ஞாபகப்படுத்திடுறேன். 2008 வாக்குல 12.8 கோடி, அதுதான் உச்சம். 2024-ல 12.4 கோடிக்குக் கொஞ்சம் கீழ. அந்த ஒரு வருஷத்துல பிறந்த ஜப்பானியக் குழந்தைங்க 6.86 லட்சம், செத்தவங்க சுமார் 16 லட்சம். வருஷத்துக்கு 9 லட்சம் பேர் கழியுறாங்க.

இப்போ நம்ம பந்தல் கணக்கு. பழைய நேயர்களுக்குத் தெரியும், திரும்பவும் சொல்லுவேன், பொறுத்துக்கணும். கல்யாணத்துக்கு ஐந்நூறு பேருக்குப் பந்தல் போட்டாச்சு, வந்தது முந்நூறு பேர். இலைச் செலவு குறையும், பந்தல் வாடகை குறையாது. ஜப்பான் பந்தலைப் போட்டுட்டு உக்காந்திருக்கு. நேயர் சொல்ற குப்பையும் புகையும் இலைக் கணக்கு. அது குறையும், மறுக்கல. நான் பேசப்போறது பந்தலை.

காட்டையே எடுத்துக்குங்க. ஜப்பான்ல மூணுல ரெண்டு பங்கு நிலம் காடு. அதுல 40 சதவீதம், சுமார் 1 கோடி ஹெக்டேர், மனுஷன் நட்டது. போர்ல வெட்டித் தீர்த்த மலைகள்ல 1950, 60கள்ல சுகி, ஹினோக்கின்னு ரெண்டு ஊசியிலை மரமா நட்டுத் தள்ளினாங்க. ஹெக்டேருக்கு 3,000 கன்று. இவ்வளவு நெருக்கம் எதுக்குன்னா, மரம் பக்கத்துல கிளை விடாம நெட்டுக்குப் போகணும், அப்பத்தான் பலகை நேரா வரும். ஆனா இந்த நெருக்கத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. முதல் அஞ்சாறு வருஷம் கோடைக்குக் கோடை களை வெட்டணும். இருபது வயசுல இருந்து கலைச்சு வெட்டி, அதாவது நடுநடுவே மரத்தை எடுத்து இடம் விட்டுக்கிட்டே வந்து, கடைசியில ஆயிரத்துக்குள்ள கொண்டுவந்து, 40, 50 வயசுல அறுவடை. நம்ம நாத்தங்கால் மாதிரி: நெருக்கமா விதைக்கலாம், ஆனா பறிச்சு நட ஆள் வேணும்.

அந்த ஆள் வரல. 1964-ல வெளிநாட்டு மரத்துக்குக் கதவைத் திறந்தாச்சு. 1980-ல நிக்கிற சுகி மரத்துக்கு கன மீட்டருக்கு 22,000 யென்னுக்கு மேல கிடைச்சது. இப்போ 5,000-ஐத் தொட்டாலே பெரிசு. செங்குத்துச் சரிவுல வெட்டி, கம்பி கட்டி இறக்கி, திரும்ப நட்டு, மான் கடிக்காம வலை போட்டா வர்ற காசு பத்தாது. 1980-ல சுமார் 1.45 லட்சமா இருந்த காட்டுத் தொழிலாளிங்க 2020-ல 44,000.

கலைக்காம விட்டா என்ன ஆகும்? தலை மேல கூரை மூடிக்கும். கீழ இருட்டு, ஒரு புல் முளைக்காது. மழை நேரா மண்ணுல அடிச்சு மேல்மண்ணை அரிக்கும். மரம் தொடப்பக்குச்சி மாதிரி ஒல்லியா, வேர் ஓடாம நிக்கும். புயலுக்கோ பனிப் பாரத்துக்கோ ஒண்ணு சாஞ்சா வரிசையா சாயும். வயசான மரம் கரியமில வாயுவை இழுக்குறதும் குறைச்சல்தான். ஆளில்லாத காடு பச்சையா இருக்கு, ஆனா ஆரோக்கியமா இல்ல. வெளியில இருந்து பாத்தா தெரியாது.

மகரந்தம் வேற. சுகி முப்பது வயசைத் தொட்டா மகரந்தத்தைக் கொட்டும். வருஷா வருஷம் பிப்ரவரி, மார்ச்சுல ஜப்பான்ல பத்துல நாலு பேருக்கு அதனால தும்மல், கண் எரிச்சல். 2023-ல அரசு திட்டம் போட்டுச்சு: பத்து வருஷத்துல மகரந்தம் கக்குற சுகித் தோப்பை 20 சதவீதம் குறைக்கிறது, முப்பது வருஷத்துல மகரந்தத்தைப் பாதியாக்குறது. காட்டுப் பராமரிப்புக்குன்னு 2024-ல இருந்து வரி கட்டுறவங்க கிட்ட தலைக்கு வருஷம் 1,000 யென் வசூல். வேடிக்கை என்னன்னா, அந்தக் காட்டு நிதியைப் பங்கு வைக்கிறதுல 30 சதவீதத்தை ஜனத்தொகைப்படி வெச்சிருந்தாங்க. தோப்பே இல்லாத டோக்கியோ ஷிபுயா வட்டத்துக்கும் பங்கு போச்சு! சத்தம் கிளம்பின பிறகு 25 ஆக்கினாங்க. பணம் ஆள் இருக்கிற இடத்துக்குப் போகுது, மரம் ஆள் இல்லாத இடத்துல நிக்குது.

சரி, மண்ணுக்குக் கீழ வாங்க. 2025 ஜனவரி 28, சைத்தாமா மாநிலம் யாஷியோ. சாலை இடிஞ்சு ஒரு லாரி உள்ளே போயிடுச்சு, ஓட்டுநர் இறந்துட்டார். எழுபது தாண்டினவர், இன்னும் லாரி ஓட்டிக்கிட்டு இருந்திருக்கார், அதையும் கவனிச்சுக்குங்க. கீழ சுமார் 10 மீட்டர் ஆழத்துல 4.75 மீட்டர் விட்டத்துல கழிவுநீர்க் குழாய், 1983-ல இருந்து ஓடுறது. மாத்துவழி இல்லாததால 12 லட்சம் பேர் கிட்ட குளிக்கிறதையும் துணி துவைக்கிறதையும் குறைச்சுக்கச் சொன்னாங்க.

குழாய் எப்படிக் கெடுதுன்னு சொல்றேன். அடியில வண்டல் தேங்கினா காத்து இல்லாத இடத்துல கிருமி வேலை செஞ்சு ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அழுகின முட்டை வாடை அதுதான். வளைவுலயும் இறக்கத்துலயும் தண்ணி கொந்தளிக்கும்போது அது வெளியேறி குழாயோட மேல்வளைவுல ஈரத்துல ஒட்டும். அங்க வேற கிருமி அதைக் கந்தக அமிலமாக்கும். சிமெண்ட் ஜிப்சமா மாறி மாவாகும். தண்ணிக்குள்ள இருக்கிற அடிப்பக்கம் நல்லாவே இருக்கும், மேல்பக்கம்தான் கரையும். ஓட்டை விழுந்தா மேல் மண்ணு குழாய்க்குள்ள ஒழுகி, சாலைக்கும் குழாய்க்கும் நடுவுல பொந்து. தார் மட்டும் பாலம் மாதிரி நிக்கும், லாரி வர்ற வரைக்கும்.

யாஷியோவுல ஆள் குறைஞ்சதால இது நடந்ததுன்னு நான் சொல்லல. ஆனா ஆள் குறையுற ஊர்ல இதே விஷயம் எப்படித் திரும்பும் பாருங்க. வண்டல் தேங்காம இருக்க தண்ணி வினாடிக்கு 0.6 மீட்டராவது ஓடணும்னு வடிவமைக்கிறாங்க. பாதி வீடு பூட்டியிருந்தா அந்த வேகம் வராது. குடிதண்ணிக் குழாயும் அப்படித்தான். பெரிய குழாய்ல கொஞ்சம் பேர் குடிச்சா தண்ணி நாள்கணக்கா உள்ளேயே நிக்கும், கிருமியைக் கொல்லப் போட்ட குளோரின் கொஞ்சம் கொஞ்சமா தீர்ந்துடும். வீட்டுக் குழாய்ல லிட்டருக்கு 0.1 மில்லிகிராம் குளோரின் மிச்சம் இருக்கணும்னு அங்க சட்டம். அதுக்காக கடைசி முனையில குழாயைத் திறந்து நல்ல தண்ணியைக் கொட்டணும். சாக்கடைக் குழாய்க்குள்ள பிளாஸ்டிக் பட்டையைச் சுருளா சுத்தி, இடுக்குல சிமெண்ட் பால் ஊத்திப் புதுப்பிக்க முடியும். விட்டம் கொஞ்சம் சுருங்கும், அது இவங்களுக்கு நல்லதுதான். ஆனா நீளத்தைச் சுருக்க முடியாது. தெருக்கோடியில ஒரு பாட்டி இருந்தா அதுவரைக்கும் குழாய் உயிரோட இருக்கணும். பந்தல் வாடகை!

வீடுகள் பத்தி ஏற்கெனவே விரிவாப் பேசியாச்சு, இங்க சுருக்கமா சொல்றேன். 2023 கணக்குல 90 லட்சம் காலி வீடு. வீடு நிக்கிற மனைக்கு 200 சதுர மீட்டர் வரை வரி மதிப்பு ஆறுல ஒண்ணு, இடிச்சா அந்தச் சலுகை போயிடும். அப்புறம் யார் கைக்காசு போட்டு இடிப்பாங்க? இடிய விடுறாங்க. 2023-ல சட்டம் திருத்தி, பராமரிக்காத வீட்டுக்கும் சலுகையைப் பிடுங்க வழி பண்ணினாங்க.

ஆனா நேயர் என்னைக் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது: "ஆள் இப்படிக் குறையும்னு முன்னாடியே தெரியாதா?" தெரியும். 1966 நெருப்புக் குதிரை வருஷம். நம்ம அறுபது வருஷச் சுற்று மாதிரியே அவங்களுக்கும் ஒண்ணு உண்டு. நாம "பெண் மூலம் நிர்மூலம்"னு சொல்ற மாதிரி, அந்த வருஷத்துப் பொண்ணு புருஷனுக்கு ஆகாதுன்னு நம்பிக்கை. அதனால 1965-ல 18.2 லட்சமா இருந்த பிறப்பு 13.6 லட்சத்துக்கு விழுந்துச்சு. ஒரு பெண்ணுக்கு 1.58 குழந்தை. 1989-ல எந்த மூட நம்பிக்கையும் இல்லாமலேயே 1.57. அன்னிக்கே மணி அடிச்சாச்சு.

அப்பவும் ஒரு கதவு திறந்திருந்தது. போர் முடிஞ்சதும் ஒரு அலை, 1949-ல மட்டும் 27 லட்சம் குழந்தை. அவங்க பெத்த ரெண்டாவது அலை 1973-ல 20.9 லட்சம். அவங்க 25, 30 வயசாகும்போது மூணாவது அலை வந்திருக்கணும். வரல. ஏன்னா அவங்க படிச்சு முடிச்சு வெளிய வந்தப்போ தாறுமாறா ஏறின சொத்து விலை சரிஞ்சு, கம்பெனிங்க ஆள் எடுக்கிறதைக் குறைச்சிருந்தாங்க. அங்க பெரிய கம்பெனிங்க புதுசாப் படிச்சு முடிச்சவங்களை மொத்தமா ஏப்ரல்ல எடுக்கும். அந்த வண்டியை விட்டா அடுத்த வண்டி கிடையாது, ஒப்பந்த வேலைதான். நிரந்தர வேலை இல்லாத ஆம்பளைக்குக் கல்யாணம் நடக்கல. கல்யாணத்துக்கு வெளிய குழந்தை அங்க 2 சதவீதம்தான், அதனால குழந்தையும் இல்ல. 50 வயசு வரை கல்யாணமே ஆகாத ஆம்பளைங்க 1990-ல 5.6 சதவீதம், 2020-ல 28.

இப்போ கணக்குப் போடுங்க. 1973-ல பிறந்த பொண்ணுங்க சுமார் பத்து லட்சம் பேர், 2003-ல அவங்களுக்கு முப்பது வயசு. 1995-ல மொத்தப் பிறப்பே 12 லட்சத்துக்குக் கீழ. இன்னிக்கு முப்பது வயசுல நிக்கிற பொண்ணுங்க ஆறு லட்சத்துக்கும் குறைவு. இன்னிக்கு என்ன உதவித்தொகை கொடுத்தாலும், ஒவ்வொருத்தியும் மனசு மாறினாலும், அன்னிக்குப் பிறந்திருக்கக்கூடிய எண்ணிக்கையில பாதிக்குக் கொஞ்சம் மேலதான் வரும். வெளிநாட்டுக்காரங்க 2024 கடைசியில 37.7 லட்சம் பேர் இருக்காங்க, அது தனியாப் பேச வேண்டியது.

அதனால, இப்போ பிறக்கிற குழந்தை வளர்ந்து சுகி மரம் வெட்டப் போகும்னு யாரும் எதிர்பார்க்கல. மகரந்தம் குறைச்சலா விடுற கன்று நடுறாங்க. நாத்துல பாதிக்குப் பக்கம் இப்போ அதுதான், 2033-க்குள்ள பத்துல ஒன்பது பங்காக்கணும்னு இலக்கு. நடுறது அதே சரிவுல. ஹெக்டேருக்கு எத்தனை கன்று நடுறாங்கன்னு விசாரிச்சுப் பாருங்க. 3,000 நட்டுக்கிட்டு இருந்த இடத்துல 2,000, அதுக்கும் கீழன்னு குறைச்சு நடுற பேச்சு வந்தாச்சு. பின்னாடி கலைச்சு வெட்ட ஆள் இருக்காதுன்னு கணக்குப் போட்டே நடுறாங்க. அடுத்த கேள்விக்குப் போலாம்.