ஒரே மேசைக்கு வர வேண்டிய கோப்புகள்

மதிப்பிற்குரிய அவைத்தலைவர் அவர்களே, மருத்துவம், சட்டம், காவல், வங்கி, சமூகப்பணி எனப் பல துறைகளிலிருந்து வந்திருக்கும் நண்பர்களே, வணக்கம்.

60 வயதைக் கடந்தவர்களில் ஏறத்தாழ 6 பேருக்கு ஒருவர் ஓராண்டுக்குள் ஏதேனும் ஒருவகைக் கொடுமைக்கு ஆளாவதாக உலக சுகாதார நிறுவனம் கணித்திருக்கிறது. அடி உதை மட்டுமன்று, ஏச்சுப்பேச்சும் பணச்சுரண்டலும் வேளைக்கு உணவும் மருந்தும் தராமல் விடுவதும் இதில் அடங்கும். இவற்றுள் பெரும்பாலானவை வெளியே வராமல் போவதற்கு, முதியவரின் அச்சமும், பெற்ற பிள்ளையைக் காட்டிக்கொடுக்க இடம் தராத மனமும் காரணம் என்பது உண்மையே. ஆனால் அந்த மௌனத்தில் நமக்கும் பங்கு உண்டு என்பதைச் சொல்லத்தான் வந்திருக்கிறேன்.

எண்பதைத் தாண்டிய ஒரு பெண்மணி முன்கையில் இரத்தக்கட்டுடன் மருத்துவரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். மருத்துவர் அவரைப் பார்த்துக் கேட்கும் கேள்விக்கெல்லாம் உடன் வந்த மகனே பதில் சொல்கிறார். இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுபவருக்கு லேசாக இடித்தாலே கன்றிப்போகும் என்பதால், மருத்துவர் மேற்கொண்டு ஐயப்படத் தயங்குகிறார். அந்தத் தயக்கத்தை நான் குறை கூற மாட்டேன். 2005இல் வெளியான ஓர் ஆய்வில், முதியோருக்குத் தற்செயலாக ஏற்பட்ட இரத்தக்கட்டுகளில் ஏறத்தாழ 90 விழுக்காடு கைகால்களிலேயே இருந்தன. கழுத்திலோ காதிலோ உள்ளங்காலிலோ ஒன்றுகூட இல்லை. சில கட்டுகள் முதல் நாளிலேயே மஞ்சளாகத் தெரிந்ததால், நிறத்தை வைத்துக் காயம் எத்தனை நாள் பழையது என்று சொல்வதும் நம்பத்தக்கதன்று என்றாயிற்று. ஆகவே முன்கைக் காயம் மட்டும் எதையும் நிறுவிவிடாது.

அதே மாதத்தில் வங்கி அலுவலர் ஒருவர், அந்த அம்மையாரின் வைப்புத்தொகை முதிர்வுக்கு முன்பே கலைக்கப்படுவதைக் காண்கிறார். வீட்டுக்குச் செல்லும் செவிலியர், பத்து நாளாகப் பிரிக்கப்படாத மாத்திரை அட்டையைக் காண்கிறார். மூவரும் தத்தம் கோப்பில் ஒரு வரி எழுதி மூடிவிடுகிறார்கள். தனித்தனியே பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் நியாயமான விளக்கம் இருக்கிறது. மூன்றையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கத்தான் ஆள் இல்லை.

அதற்கு ஆள் வேண்டுமென்றுதான் கலிபோர்னியாவின் ஆரஞ்சு கவுண்டியில் 2003இல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. முதியோர் மருத்துவர், உளவியலர், காவலர், அரசு வழக்கறிஞர், சமூகப்பணியாளர் ஆகியோர் அங்கே வழக்குகளை ஒன்றாக அமர்ந்து ஆராய்ந்தார்கள். கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இந்த ஏற்பாடு நடைமுறையில் உரசல் மிகுந்தது. காவலர் குற்றத்தைத் தேடுகிறார். சமூகப்பணியாளர் அந்த அம்மையார் தம் வீட்டிலேயே அச்சமின்றி வாழ வழி தேடுகிறார். நோயாளியின் இரகசியத்தை எந்த அளவுக்கு வெளியிடலாம் என்ற கவலை மருத்துவருக்கு. இந்த உரசல் தேவையானது என்றே கருதுகிறேன், ஏனெனில் எந்தத் துறையும் தன் விடையே முழு விடை என்று முடிவுகட்டிவிடாமல் அது தடுக்கிறது.

முடிவெடுக்கும் திறன் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். கணக்கு வழக்கைக் கவனிக்க இயலாத ஒருவருக்கு, யாருடன் வாழ விருப்பம் என்று சொல்லும் தெளிவு இருக்கக்கூடும். 'மறதி நோய்' என்ற ஒரு சொல்லைக் கோப்பில் கண்டவுடன் அவரைக் கேட்பதையே நிறுத்திவிடுகிறோமே, அது நாம் செய்யும் அநீதி. ஐந்து துறையினரும் ஐந்து முறை அதே வேதனையைச் சொல்ல வைப்பதும் அநீதியே. ஆகையால், குழு கூடியவுடன் எடுக்க வேண்டிய முதல் முடிவு, மகன் அறையில் இல்லாத நேரத்தில் அந்த அம்மையாரின் அருகில் அமர்ந்து, அவருக்கு என்ன வேண்டும் என்று கேட்கப்போகிறவர் நம்மில் யார் என்பதுதான்.